ஆட்டுக்குட்டிக்கு நாடாப்புழுவா? மூலிகையும் செய்ய வேண்டியதும்

எம். புதுப்பட்டி வட்டார ஆடு வளர்ப்போரே! புழுக்கையில் வெந்த அரிசி மாதிரி வெள்ளைத் துணுக்குகள் தெரிகிறதா? அவை நாடாப்புழுவின் துண்டுகள். ஈரப்புல்லில் ஒட்டியிருக்கும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சிகளை மேயும்போது விழுங்குவதால் இது வருகிறது. இளங்குட்டிகள்தான் அதிகம் பாதிக்கப்படும். வயிறு உப்பி, உடம்பு இளைச்சுப் போகும். பனி காய்ந்த பிறகே மேய்ச்சலுக்கு விடுங்க.

குடற்புழுவுக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சொல்லும் மூலிகை மருந்து: சீரகம், கடுகு, மிளகை இடித்து, மஞ்சள், பூண்டு, வேப்பிலை, தும்பை, பாகற்காய், வாழைத்தண்டு சேர்த்து அரைத்து, பனைவெல்லம் கலந்து சிறு உருண்டைகளாக்கி, கல் உப்பில் தொட்டு நாக்கில் தேய்க்க வேண்டும். குட்டிக்கான அளவை மருத்துவரிடம் கேளுங்க. கொட்டைப்பாக்கை இஷ்டத்துக்குக் கொடுக்காதீங்க. அளவு மிஞ்சினால் விஷம்.

மருந்துக்குப் பிறகும் துணுக்கு நிற்கலைன்னா, புதுப் புழுக்கையோடு அரசு கால்நடை மருந்தகம் போங்க. பரிசோதித்து, எடைக்கேற்ற மருந்து தருவார்கள். அவசரத்துக்கு 1962-ஐ அழையுங்கள்.