கழிவுநீரிலுள்ள அமோனியாவும் ஜியோலைட் கல்லும்

மாட்டுத் தொழுவத்தைக் கழுவிய ஜலத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி எழுவதைக் குடியானவர் யாவரும் அறிவர். கோமூத்திரம் சிதைவதால் உண்டாகும் அமோனியாவின் நெடியே அது. அமோனியா பயிருக்கு உணவு. ஆனால் அதே ஜலம் குளத்தில் சேருமாயின் மீனுக்கு விஷம். ஆகவே அதைப் பிரித்தெடுப்பதால் இரட்டை லாபம் உண்டு. இதற்கு ஜியோலைட் என்னும் கல் உதவுமெனக் கேள்வியுற்றுப் பலர் மூட்டை மூட்டையாக வாங்குகின்றனர். அக்கல் எங்கே உதவும், எங்கே உதவாது என்பதை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

இதன் தத்துவம் புதிதன்று. இங்கிலாந்தில் யார்க்ஷயர் நிலச்சுவான்தாரரான எச். எஸ். தாம்ஸன் என்பவர், அமோனியம் ஸல்பேட் கலந்த மண்ணின் வழியே ஜலத்தைச் செலுத்தினார். அமோனியா மண்ணிலேயே தங்கிவிட, சுண்ணாம்புச் சத்தே ஸல்பேட்டுடன் சேர்ந்து வெளிவந்தது. ஜே. தாமஸ் வே என்னும் ரஸாயன சாஸ்திரி இதை விரிவாக ஆராய்ந்தார். இருவர் முடிவுகளும் 1850-ஆம் ஆண்டில் வெளியாயின. மண் செய்யும் இக்காரியத்தையே ஜியோலைட் இன்னும் திறமையாகச் செய்கிறது.

ஜியோலைட் வகைகள் பல. அமோனியத்தைப் பிடிப்பதில் பெயர்பெற்றது, எரிமலைச் சாம்பல் நெடுங்காலம் ஜலத்துடன் கூடி மாறியதால் உண்டான கிளினாப்டிலோலைட். அக்கல் முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத அறைகள். ஸோடியம், கால்சியம் முதலியன அவற்றில் குடியிருக்கும். அமோனியம் வந்தால் அவை வெளியேறி இடங்கொடுக்கும். நல்ல கல் ஒரு கிலோ, கணக்கின்படி ஏறக்குறைய 30 கிராம் அமோனியத்தைக் கொள்ளலாம். கழிவுநீரில் அதில் பாதி கிட்டுவதும் அரிது. மேலும், ஜலத்தில் காரம் மிகுந்தால் அமோனியம் வாயுவாக மாறிவிடும். வாயுவை இக்கல் இவ்விதம் பிடிப்பதில்லை. ஆதலால் சுண்ணாம்பு இட்ட கையோடு ஜியோலைட் இடுவது வீண்.

கடலோரக் கிராமமொன்றில் இறால் வளர்ப்பவர் ஒருவர், குளத்தில் பல மூட்டை இட்டும் அமோனியா குறையவில்லையென வருந்தினார். "கல்லில் கலப்படமோ, ஐயா?" என்று வினவினார். இரண்டு குடுவைகள் கொணரச் செய்தேன். ஒன்றில் நல்ல கிணற்று ஜலம்; மற்றதில் அவரது குளத்து உப்பு ஜலம். இரண்டிலும் சமமாகச் சிறிது அமோனியம் ஸல்பேட்டும், சம எடையுள்ள கல்லும் இட்டுக் கலக்கி வைத்தோம். மறுநாள் பரிசோதனை மருந்து விட்டுப் பார்க்கையில், கிணற்று ஜலத்தில் நிறம் வெளுத்திருந்தது. உப்பு ஜலத்தில் வித்தியாசம் தோன்றவில்லை. குற்றம் கல்லினுடையதன்று. கடல் ஜலம் ஒரு லிட்டரில் ஸோடியம் மட்டுமே 10 கிராமுக்கு மேல் உண்டு. குளத்து அமோனியமோ சில மில்லிகிராமே. ஆயிரம் பேர் நெருக்கும் வாயிலில் ஒருவன் நுழைவது எங்ஙனம்? சுத்திகரிப்பு நிலையங்களில் நிரம்பிய கல்லை உப்பு ஜலத்தால் கழுவித்தான் அமோனியத்தை வெளியேற்றுகின்றனர் என்பதும் கவனிக்கத்தக்கது. இறால் குளத்துக்குத் தீனியை அளவறிந்து இடுதல், அடிச்சேற்றை அகற்றுதல், ஜலத்தை மாற்றுதல், ஏரேட்டரை ஓட்டுதல் ஆகியவையே தக்க பரிகாரம்.

தொழுவ ஜலத்துக்கு இக்கல் ஏற்றது. முதலில் சாணம் படியுமாறு குழியில் தேக்குக. தெளிந்த ஜலத்தைக் குருணைக் கல் நிரப்பிய பீப்பாயின் வழியே மெதுவாகச் செலுத்துக. வெளிவரும் ஜலத்தில் அமோனியா தென்படுமாயின் கல் நிரம்பிற்று என்று அறிக. கோமூத்திரத்திலுள்ள பொட்டாஷும் சில அறைகளைப் பிடித்துக்கொள்ளும், அதுவும் பயிருணவே. நிரம்பிய கல்லை உப்பால் கழுவாமல் எருக்குழியிலோ வயலிலோ சேர்க்க வேண்டும். சத்து எளிதில் வடிந்துபோகும் மணற்பாங்கான நிலத்துக்கு இது மிக்க பயன் தரும். களிமண்ணுக்கு இக்குணம் இயல்பாகவே உண்டு.

தொழுவத்தின் அருகே நிலமுடையோர் கழுவிய ஜலத்தைத் தீவனப் புல்லுக்கு நேரே பாய்ச்சுவதே மலிவு. நிலமில்லாதோர் கல்லை வாங்கலாம். ஆயினும் ஒரு மூட்டைக்குப் பணங்கொடுக்கு முன், ஒரு பிடி வாங்கித் தம் ஜலத்திலேயே குடுவைப் பரீக்ஷை செய்து பார்ப்பாராக.