சர்க்கார் கொள்முதலும் சிறு குடியானவர்களும்

பயிரை விளைவித்தல் பாதி வேலை. விளைந்ததை நியாயமான விலைக்கு விற்றலே மற்றப் பாதி. இரசாயன உரமும் பூச்சிமருந்துமின்றிப் பயிரிடப் பலர் விரும்பினும், களையெடுக்கும் கூலி மிகுவதாலும், முதற் சில வருஷங்களில் மகசூல் குறையக் கூடுமாதலாலும், விலை நிச்சயமில்லாதவிடத்து அம்முயற்சியில் இறங்கத் தயங்குவர். சர்க்காரே பெரிய வாடிக்கைக்காரராக நின்று இத்தயக்கத்தை நீக்கலாம் என்பதற்குப் பிரேசில் தேசத்து ஏற்பாடு தக்க உதாரணமாகும்.

ஏற்பாட்டின் விவரம்.- அத்தேசத்துப் பள்ளி உணவுத் திட்டம் 1955-ஆம் வருஷத்தில் தொடங்கிற்று. சுமார் 4 கோடி பிள்ளைகள் அதனால் உணவு பெறுகின்றனர். 2009-ஆம் வருஷத்துச் சட்டம், இதற்காக மத்திய சர்க்கார் அளிக்கும் பணத்தில் 100-க்கு 30 பங்குக்குக் குறையாமல் குடும்ப விவசாயிகளிடமிருந்து நேரே கொள்முதல் செய்ய வேண்டுமென விதித்தது. 2025-ஆம் வருஷத்துச் சட்டம் அப்பங்கை, 2026 ஜனவரி முதல் 45 ஆக உயர்த்திற்று.

விலை.- குறைந்த விலை கேட்பவருக்கே கொடுக்கும் டெண்டர் முறையில், சிறு குடியானவர் பெருவியாபாரியோடு போட்டியிடுதல் அரிது. ஆதலின் இங்கே டெண்டர் இல்லாமலே வாங்கலாம். வேண்டிய பண்டம், அளவு, விலை ஆகியவை முன்னரே விளம்பரம் செய்யப்படும். உள்ளூர்ச் சந்தை விலைகளின் சராசரியே விலைக்கு ஆதாரம். இயற்கை முறை விளைபொருளுக்குத் தனிச் சந்தை விலை காண இயலாவிடில், சாதாரண விலைக்குமேல் 100-க்கு 30 வரை கூட்டிக் கொடுக்கலாம். உள்ளூராருக்கும், நிலச் சீர்திருத்தத்தால் நிலம் பெற்றவர்க்கும், பூர்வகுடிகளுக்கும் முதலிடம் உண்டு.

அத்தாட்சி.- பொருள் இயற்கை முறையில் விளைந்ததென்று அறிவது எப்படி? கூலி பெற்றுச் சோதிக்கும் ஸ்தாபனத்தின் சான்று ஒரு வழி. குடியானவர்கள் சங்கமாய்க் கூடி, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டுப் பொறுப்பேற்பது மற்றொரு வழி. 2003-ஆம் வருஷத்துச் சட்டம் இரண்டையும் அனுமதித்திருப்பதால், சிறியோருக்குச் செலவு சுருங்குகிறது.

கவனிக்க வேண்டுவன.- சரக்கு ஒழுங்காக வராவிடினும், முறையான பில் கொடுக்க இயலாவிடினும், சுத்தம் போதாவிடினும் குடியானவரிடம் வாங்கும் கட்டாயத்தினின்று அதிகாரிகளுக்கு விலக்கு உண்டு. விலக்கு நேர்ந்தால் பெற்ற சந்தை கைநழுவும். ஆகவே கீரை காய்கறிகளை ஒரேயடியாக விதைக்காமல், சில நாள் இடைவிட்டுப் பாத்தி பாத்தியாய் விதைத்தல் நலம். பள்ளி விடுமுறைக் காலத்துக்கு வேறு சந்தையும் தேடி வைத்தல் வேண்டும். தனியே போதிய சரக்கில்லாதோர் கூட்டுறவுச் சங்கமாய்ச் சேர்ந்து, ஒரே வண்டியில் அனுப்பின் வண்டிச்சத்தம் குறையும்.

அதிகாரிகளும் அவ்வப் பருவத்தில் அவ்வூரில் விளைவதை அறிந்து உணவுப் பட்டியலை வகுத்து, கிரயத்தைத் தாமதமின்றிப் பட்டுவாடா செய்தல் அவசியம். கிரயம் தாமதமானால் குடியானவன் கடன்காரனிடம் போக நேரிடும்; அப்பால் கூடுதல் விலையின் பயன் வட்டியிலேயே கரைந்துவிடும்.