கியூபிட்டைக் கெடுக்கும் இரைச்சல்

பாடாங் செராயிலிருந்து கூலிம் ஹைடெக் பார்க்கிற்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு, ஒரு தூசு என்ன கேடு செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. வெள்ளை உடுப்பும் முகமூடியும் அணிந்துதான் சிப் ஆலைக்குள் கால் வைக்கவே முடியும். இங்கே நான் சொல்லவருவதும் ஒருவகைச் சிப்தான். அதற்குத் தூசோடு வெப்பமும் எதிரி.

மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பேராசிரியர் ஆர். விஜயராகவன் குழு செய்துவரும் மீக்கடத்தி கியூபிட் அது; குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு. இரண்டு அலுமினிய ஏடுகள், நடுவே ஓரிரு நானோமீட்டர் தடிப்பில் ஆக்சைடு. இந்த ஜோசப்சன் சந்திதான் அதன் உயிர்நாடி. சாதாரணக் கணினியின் பிட் 0 அல்லது 1. கியூபிட்டோ இரண்டும் கலந்த நிலையில் நிற்கும். அந்தக் கலப்பு குலையாமல் நிற்கிற நேரம்தான் அதன் ஆயுள். 1999-இல் ஜப்பானில் நாகமுரா குழு முதலில் இத்தகைய கியூபிட்டைச் செய்துகாட்டியபோது அந்த ஆயுள் சில நானோநொடிதான். இன்று மிகச் சிறந்தவை ஒரு மில்லிநொடியைத் தாண்டிவிட்டன.

கியூபிட்டை நேராகத் தொட்டுப் படித்தால் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் பக்கத்தில் ஒரு ரெசனேட்டரை வைக்கிறார்கள். குறிப்பிட்ட மைக்ரோவேவ் அதிர்வெண்ணில் அதிரும் சிறிய சுற்று அது. கியூபிட் 0-ஆக இருந்தால் அந்த அதிர்வெண் ஒரு பக்கம் நகரும், 1-ஆக இருந்தால் மறுபக்கம். ஒரு மைக்ரோவேவ் துடிப்பை அனுப்பி, திரும்பி வருவதைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

ஆனால் எட்டிப் பார்க்கத் திறந்த கதவு வழியாகத்தான் கொசுவும் வருகிறது. வேண்டாத ஒரு ஃபோட்டான், அதாவது மைக்ரோவேவின் மிகச் சிறு துணுக்கு, ரெசனேட்டருக்குள் புகுந்தாலே கியூபிட்டின் அதிர்வெண் பிசகும். அது எப்போது புகும் என்று தெரியாததால் கலப்பு குலைந்துபோகும்.

கியூபிட்டை வைத்திருக்கும் குளிரூட்டிக்குள் இறங்கும் கம்பியைப் பாருங்கள். அறை வெப்பத்தில், 5 கிகாஹெர்ட்ஸில், அதில் சராசரியாக 1,200-க்கும் மேற்பட்ட வெப்ப ஃபோட்டான்கள் இருக்கும். இதுதான் இரைச்சல். கியூபிட்டுக்கு ஒன்றுகூட ஆகாது. ஆகவே கீழே போகப்போகக் குளிர் கூடும் குளிரூட்டியின் தட்டுக்குத் தட்டு அட்டெனுவேட்டர் மாட்டுகிறார்கள். 20 டெசிபெல் அட்டெனுவேட்டர் ஒன்று இரைச்சலை நூறில் ஒரு பங்காக்கும்; மூன்று சேர்ந்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மூன்றையும் மேல்தட்டிலேயே மாட்டிவிட்டால் பயனில்லை, ஏனென்றால் அட்டெனுவேட்டரும் தன் சூட்டுக்கேற்ப இரைச்சல் போடும். கடைசி ஒன்று அடித்தட்டில், தனிச்சுழியத்துக்கு மேல் 0.02 கெல்வின் அளவில் இருந்தே ஆகவேண்டும். இந்தப் பொறுமையான வேலைதான் என்னை மிகவும் கவர்கிறது.

திரும்பி வரும் சைகை மிகமிக மெலிது. அதைத் தன் இரைச்சலை மிகக் குறைவாகவே சேர்த்துப் பெருக்கித் தரும் கருவியைத்தான் விஜயராகவன் யேல் பல்கலைக்கழகத்தில் மிஷேல் டெவோரேயிடம் ஆராய்ந்தார். அந்த டெவோரேதான் 2025-இல் கிளார்க், மார்ட்டினிஸ் இருவரோடும் இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர். இந்தியாவிலோ, 2024-இல் டாடா நிலையமும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் புனே ஆய்வகமும் 6 கியூபிட் செயலியைச் சோதித்து முடித்தன. அதன் வளைய ரெசனேட்டர் அமைப்பு டாடா நிலையத்திலேயே உருவானது.

இன்னும் தீராத தொல்லை, ஏடுகளின் மேலுள்ள ஆக்சைடில் ஒளிந்திருக்கும் குறைபாடுகள். சுத்தமாகப் படிவிக்கவும் செதுக்கவும் தெரிந்த கைகளால்தான் இது தீரும். உங்கள் வீட்டில் ஆறாம் படிவத்தில் இயற்பியல் படிக்கும் பிள்ளை இருந்தால், இப்படியொரு துறை இருப்பதை இன்றே சொல்லிவையுங்கள்.