சிறிய கைக்கு ஏற்ற கிளாரினெட்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

சரக்கு எடுக்கும்போது தரம் பார்க்கிறோம், எடை பார்க்கிறோம், விலை பார்க்கிறோம். ஆனால் பிள்ளைகளுக்கு இசைக்கருவி வாங்கும்போது விலையை மட்டும் பேசி முடித்துவிடுகிறோம். கருவி பிள்ளையின் கைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பவர் நம்மில் சிலரே. விளைவு என்ன? ஆறு மாதத்தில் பெட்டி பரணுக்குப் போகிறது. “பையனுக்கு சங்கீத ஞானம் போதாது” என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். பல நேரங்களில் குறை ஞானத்தில் இல்லை, கைக்கும் கருவிக்கும் உள்ள அளவில்தான் இருக்கிறது. வரிச்சிக்குடி போன்ற ஊரிலிருந்து பெரிய நகரத்துக்குப் போய் வாங்கி வந்த கருவியைத் திருப்பிக் கொடுப்பதும் எளிதல்ல. ஆகவே கிளாரினெட்டைப் பற்றிச் சில விவரங்களை இங்கே தருகிறோம்.

நம் மண்ணுக்கு வந்த கருவி

சுமார் 1700-ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் டென்னர் என்பவர் உருவாக்கிய கருவி கிளாரினெட். 19-ஆம் நூற்றாண்டில் அது நம் பக்கத்துச் சதிர்க் கச்சேரிகளில் இடம் பிடித்தது. பிற்காலத்தில் ஏ.கே.சி. நடராஜன் அதை முழுக் கர்நாடகக் கச்சேரிக் கருவியாகவே நிலைநிறுத்தினார். அவருக்கு 2008-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும், 2022-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. ஆகவே இது நமக்கு அந்நியமான கருவி அல்ல. ஆனால் அதன் அளவு மேல்நாட்டில் நிர்ணயிக்கப்பட்டது.

இத்தனை கீ எதற்கு?

நாகஸ்வரத்தில் விரல்களால் மூடும் துளைகள் ஏழு, கீ எதுவும் கிடையாது. கிளாரினெட்டிலும் விரல் நேரடியாக மூடும் துளைகள் ஏழுதான். ஆனால் நாகஸ்வரத்தில் ஊதும் அழுத்தத்தை மாற்றினால் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். கிளாரினெட்டின் குழல் நேரான உருளை வடிவம். அதில் மேலே தாவும்போது ஒரு ஸ்தாயியோடு நிற்காமல் அதையும் தாண்டிப் பஞ்சமத்துக்குப் போய்விடும். இடையில் விடுபடும் ஸ்வரங்களுக்குக் கூடுதல் துளைகள் வேண்டும். கை விரல்களோ பத்துதான். எனவேதான் உலோகக் கம்பியும் மூடியும் கொண்ட கீக்கள் வந்தன.

துளை ஒலிக்கு ஏற்ற இடத்தில் இருக்க வேண்டும், விரல் எட்டாவிட்டால் கம்பியால் எட்ட வேண்டும் என்ற கருத்தை 1832-இல் புல்லாங்குழலில் செயல்படுத்தியவர் போம் என்ற ஜெர்மானியர். அந்த வழியில் க்ளோசே என்ற வித்வானும் பஃபே என்ற கருவி செய்பவரும் சேர்ந்து புதிய கிளாரினெட்டை 1839-இல் பாரிஸில் காட்டி, 1844-இல் காப்புரிமை பெற்றார்கள். இன்று அதிகம் விற்பனையாவது இந்த வகைதான். கைக்காகக் கீயை மாற்றுவது கருவிக்குச் செய்யும் துரோகம் அல்ல, கீ பிறந்ததே கைக்காகத்தான் என்பதை இதிலிருந்து அறியலாம்.

சிறிய கைக்கு எங்கே சிரமம்?

வழக்கமாகக் கடையில் தருவது ‘பி பிளாட்’ கிளாரினெட். நீளம் ஏறத்தாழ 66 செ.மீ. அதன் எடையை வலது கைக் கட்டை விரல் ஒன்றே தாங்குகிறது. சிறிய கை உள்ளவர்களுக்கு நான்கு இடங்களில் தொல்லை வரும். முதலாவது, எடை தாங்கும் கட்டை விரலில் வலி. இரண்டாவது, வலது மோதிர விரல் தன் துளையை முழுதாக மூடாமை. மூன்றாவது, சுண்டு விரல்கள் தங்கள் கீக்களை எட்டாமை. நான்காவது, இடது கட்டை விரல் துளையை மூடிக்கொண்டே பக்கத்திலுள்ள மேல் ஸ்தாயிக் கீயையும் அழுத்த முடியாமை.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. எல்லாத் துளைகளையும் சிறிது நேரம் மூடச் சொல்லி, பிறகு விரல் நுனிகளைப் பாருங்கள். முழு வட்டமாகத் தடம் பதிந்திருந்தால் சரி. பிறை போலப் பதிந்திருந்தால் காற்று கசிகிறது என்று பொருள். கருவி ‘கீச்’ என்று கத்துவதற்கு இது முக்கியக் காரணம்.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்

முதலில் கழுத்துப் பட்டை. எடையின் பெரும் பகுதியைக் கழுத்துக்கு மாற்றிவிடும். அடுத்து, கட்டை விரல் தாங்கி. இது பல கருவிகளில் மேலும் கீழும் நகரும், நகராத வகையானால் திருகைக் கழற்றி இடம் மாற்றிப் பொருத்தலாம். கட்டை விரலை ஆள்காட்டி விரலுக்கு நேராகக் கொண்டுவந்தால் பல பிள்ளைகளுக்கு மற்ற விரல்கள் தாமே இறங்கி வரும்.

இதன் பிறகும் சுண்டு விரல் எட்டாவிட்டால், கீயின் மேல் தக்கைத் துண்டு ஒட்டி உயர்த்தலாம். வேண்டாதபோது பிய்த்துவிடலாம். வளரும் பிள்ளைக்கு இதுவே நல்லது. ஏனெனில் இரண்டு வருடத்தில் கையே வளர்ந்துவிடும்.

வளர்ச்சி முடிந்து கை சிறியதாகவே உள்ளவர்களுக்குக் கீயை வளைத்தோ, நுனியில் உலோகம் பற்றவைத்து நீட்டியோ கொடுக்கலாம். இந்த வேலையை கிளாரினெட் பழுது பார்த்துப் பழகியவரிடமே கொடுங்கள். கீயைக் கழற்றி, அதன் பஞ்சையும் ஸ்பிரிங்கையும் எடுத்த பிறகே நெருப்பு காட்ட வேண்டும். இல்லையேல் பஞ்சு கருகும், ஸ்பிரிங் தன் விசையை இழக்கும். வாசிப்பவரையும் உடன் அழைத்துச் சென்று அவர் விரலை வைத்தே அளவு எடுங்கள். சட்டைக்கு அளவு எடுப்பது போலத்தான் இதுவும். துளையை மட்டும் யாரும் குடைந்து பெரிதாக்கவோ இடம் மாற்றவோ விடாதீர்கள். சுருதி போய்விடும், திரும்ப வராது.

சிறிய கருவியே வாங்குவதும் ஒரு வழி. ‘ஈ பிளாட்’ கிளாரினெட் சுமார் 49 செ.மீ. நீளமே இருக்கும், விரல் முறை ஒன்றே. ஆனால் சுருதி உயர்ந்துவிடுவதால் உடன் வாசிப்போருக்கு ஒத்துவருமா என்று குருவிடம் கேட்டபின் வாங்குங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை

துளைகள் எல்லாவற்றையும் மூடிகளால் மூடும் கிளாரினெட்டும் உண்டு. விரல் நுனி துளையை அடைக்க வேண்டியதில்லை, மூடியை அழுத்தினால் போதும். மேல்நாட்டு இசைக்கு இது சிறிய கைக்கு வரப்பிரசாதம். ஆனால் நமது சங்கீதத்துக்குக் கமகம் உயிர். திறந்த துளையிலிருந்து விரலை மெல்ல நகர்த்தியும், உதட்டை அழுத்தியும் தளர்த்தியுமே அந்த அசைவு பிறக்கிறது. மூடி வந்தால் விரலுக்கும் துளைக்கும் உள்ள உறவு அறுந்துவிடும். “கைக்கு சுலபம்” என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பிள்ளை எந்த இசை கற்கப் போகிறது என்று அவர் கேட்டாரா என்பதையும் பாருங்கள்.

நரசிங்கம்பேட்டை காட்டும் வழி

கருவியை வாசிப்பவருக்காகத் திருத்துவது நம் டெல்டாவுக்குப் புதிதல்ல. குட்டையான திமிரி நாகஸ்வரம் இருந்த இடத்தில் நீளமான பாரி நாகஸ்வரத்தை நிலைபெறச் செய்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. 1955-இல் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி, சுத்த மத்தியமம் சரியாகப் பேசும் பாரி நாகஸ்வரத்தைச் செய்து தந்தார். வித்வானின் காதும் ஆச்சாரியின் கையும் சேர்ந்ததால் கிடைத்த பலன் அது. அந்த ஊர் நாகஸ்வரம் 2022-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

கிளாரினெட்டுக்கும் அதே வழிதான். கடைக்காரர், குரு, பழுது பார்ப்பவர் மூவரும் பேசாமல் கருவி கைக்குப் பொருந்தாது. எனவே கடைக்குப் போகும்போது குருவையும் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, இரண்டு வாரம் வாசித்துப் பார்த்து, பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். விரல் மரத்துப்போனாலோ மணிக்கட்டில் வலி நீடித்தாலோ வாசிப்பை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். பிள்ளை அழுதுகொண்டு வாசிப்பதை “பயிற்சி” என்று எண்ண வேண்டாம். பிள்ளைக்கு ஞானம் உண்டா இல்லையா என்பதை, கருவி கைக்குப் பொருந்திய பிறகு முடிவு செய்வோம்.