நூற்றாண்டைக் கடந்த ராஃபிள்ஸ் ஹோட்டல்

சிங்கப்பூரில் ‘பீச் ரோடு’ என்னும் சாலை உண்டு. ‘பீச்’ என்றால் கடற்கரை. ஆனால், இன்று அச்சாலையில் நின்று பார்த்தால் கடல் தெரிவதில்லை. நில மீட்புப் பணிகளால் கடற்கரை வெகுதூரம் தள்ளிப் போய்விட்டது. ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததை நினைவூட்டும் கட்டடங்களுள் ஒன்றுதான் ராஃபிள்ஸ் ஹோட்டல்.

ஆர்மீனிய இனத்தவரான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி இந்த ஹோட்டலைத் திறந்தனர். அப்போது அது கடலைப் பார்த்தபடி அமைந்திருந்த ஒரு பங்களா. அதில் 10 அறைகள் மட்டுமே இருந்தன. கப்பலில் வந்திறங்கிய பயணிகள் பலர் அங்குத் தங்கினர். விருந்தினர்கள் பெருகவே, புதிய கட்டடங்களும் எழுந்தன. பிட்வெல் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த மூன்று மாடி முதன்மைக் கட்டடம் 1899இல் கட்டி முடிக்கப்பட்டது.

குளிர்சாதன வசதி இல்லாத காலம் அது. உயரமான கூரை இருந்ததால் அறையின் சூடான காற்று மேலே சென்றது. அறைகளுக்கு வெளியே இருந்த அகன்ற தாழ்வாரங்கள் வெயிலையும் மழையையும் தடுத்தன. மின்சாரம் அரிதாக இருந்த அந்நாளிலேயே மின்விளக்குகளும் மின்விசிறிகளும் அங்குப் பொருத்தப்பட்டன.

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர்கள் இதன் பெயரை ‘சியோனான் ரியோகான்’ என மாற்றினர். ‘ரியோகான்’ என்பது ஜப்பானிய மொழியில் தங்கும் விடுதியைக் குறிக்கும். போர் முடிந்ததும், விடுவிக்கப்பட்ட போர்க்கைதிகள் இங்குத் தற்காலிகமாகத் தங்கவைக்கப்பட்டனர்.

திறக்கப்பட்டு நூறாண்டுகள் நிறைவுற்ற 1987இல், இது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. எனினும், பழைய கட்டடத்தைக் காக்க அறிவிப்பு மட்டும் போதாது. 1989இல் சீரமைப்புக்காக ஹோட்டல் மூடப்பட்டது. அப்போது ஒரு கேள்வி எழுந்தது. நூறாண்டுகளில் பலமுறை மாறிய கட்டடத்தை எந்தக் காலத் தோற்றத்திற்குக் கொண்டுவருவது? 1915ஆம் ஆண்டின் தோற்றம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆகவே, பின்னர் சேர்க்கப்பட்ட சில பகுதிகள் அகற்றப்பட்டன. வாசலில் முன்பு இருந்த வார்ப்பிரும்பு முகப்பு மீண்டும் அமைக்கப்பட்டது. மரபைக் காப்பது என்பது எல்லாவற்றையும் அப்படியே விட்டுவைப்பது அன்று. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று சிந்தித்து முடிவெடுப்பதும் அதில் அடங்கும்.

1991இல் ஹோட்டல் மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்த பெரிய சீரமைப்பு 2019இல் முடிந்தது. இன்று அங்கு 115 அறைத்தொகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் வரவேற்பறை, படுக்கையறை, குளியலறை எனத் தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. இப்போது குளிர்சாதன வசதி வந்துவிட்டது. ஆயினும், உயரமான கூரையும் தாழ்வாரங்களும் அகற்றப்படவில்லை. தலைப்பாகை அணிந்த வாயிற்காவலர்கள் இன்றும் விருந்தினர்களை வரவேற்கிறார்கள்.

அங்குத் தங்குவதற்கான கட்டணம் மிக அதிகம். எல்லாராலும் தங்க இயலாது. ஆனால், கடைகள் அமைந்துள்ள பகுதியில் எவரும் உலாவலாம்; முகப்பைக் கண்டு மகிழலாம். தள்ளிப் போன கடலை இனித் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்தக் கடலைப் பார்த்து நின்ற கட்டடத்தையாவது அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்ல முடிந்திருக்கிறது.