தெரியுமா? பருப்பளவு பொட்டுக்கு விடிகாலை வரிசை!

இன்னும் சரியாக விடியவில்லை. அமெரிக்காவில் ஒரு பொருட்காட்சி அரங்கு. வெளியே கையில் காபியும், காலடியில் சின்னத் தள்ளுவண்டியுமாக நீண்ட வரிசை. உள்ளே நடக்கப்போவது கன் ஷோ, அதாவது துப்பாக்கிச் சந்தை. மேசை மேசையாகத் துப்பாக்கிகள் பரப்பிக் கிடக்கும். ஆனால் வரிசையின் முன்னால் நிற்கிறவர்கள் அவற்றை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்! கதவு திறந்ததும் அவர்கள் ஓடப்போவது ஒரு பொட்டுக்காக. தீபாவளிக்குப் பொம்மைத் துப்பாக்கியில் வைத்துச் சுடுவோமே, அந்தப் பொட்டு வெடிக்குப் பெரியண்ணன் அது. பெயர் பிரைமர். தோட்டாப் பஞ்ச காலத்தில் அதைத் தேடி அலைந்தவர்களின் உலகத்தில்தான் எத்தனை ஆச்சரியங்கள்!

சுட்ட தோட்டா செத்த தோட்டா அல்ல, தெரியுமா?

ஒரு தோட்டாவில் நான்கே பொருட்கள். பித்தளைக் கூடு, பறந்து போகும் குண்டு, குண்டைத் தள்ளும் மருந்து, மருந்துக்குத் தீ வைக்கும் பிரைமர். சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் கருகிவிடும். கூடு மட்டும் மிஞ்சும். அதைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, பழைய அளவுக்கு நெருக்கி, மற்ற மூன்றையும் புதிதாக வைத்தால் மறுபடியும் தோட்டா! இதுதான் ரீலோடிங். 1870களில் காட்டெருமை வேட்டைக்காரர்கள் புல்வெளிக் கூடாரங்களில் உட்கார்ந்து செய்த வேலையை இன்று கார் ஷெட்டில் செய்கிறார்கள். டயர் கடையில் கழித்துப்போடும் ஈயக் கட்டிகளை வாங்கி உருக்கி, குண்டையும் வீட்டிலேயே வார்க்கிறவர்கள் உண்டு. பிரைமருக்கும் மருந்துக்கும் ஆலையின் தயவு வேண்டும். சின்ன வகைப் பிரைமர் 4.45 மில்லிமீட்டர் குறுக்களவு, ஒரு பருப்பளவுதான். கல்யாணச் சமையலில் உப்பு தீர்ந்தால் எப்படியோ, அப்படித்தான் இது தீர்ந்தால்!

பஞ்சத்துக்குக் காரணம் பயம், தெரியுமா?

மழை பொய்த்து வந்த பஞ்சம் அல்ல இது. 2008இல் ஒபாமா தேர்தலில் வென்றதும் துப்பாக்கிச் சட்டம் இறுகும் என்று பயந்து வாங்கிக் குவித்தார்கள். 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநில நியூட்டவுன் பள்ளியில் குழந்தைகள் உட்பட 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட கொடூரத்துக்குப் பிறகு மறுபடியும் அதே பயம், அதே குவியல். இருப்பதிலேயே மலிவான பாயிண்ட் 22 தோட்டாகூட அதன்பின் ஆண்டுக்கணக்கில் எளிதாகக் கிடைக்கவில்லை. 2020இல் கொரோனா, கலவரம், தேர்தல் மூன்றும் சேர்ந்து வந்தன. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைப் பார்க்கும் மத்திய அரசுச் சோதனைகள் 2019இல் 2.84 கோடி; 2020இல் 3.97 கோடி! ஒருவர் தட்டுப்பாடு என்று சொன்னால் பத்துப் பேர் தேவைக்கு மேல் வாங்குவார்கள். தட்டுப்பாடு நிஜமாகிவிடும். ஊரடங்குக்கு முந்தைய நாள் மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் நான்கு, முதலாளி இரண்டே பேர், தெரியுமா?

அமெரிக்காவில் பிரைமர் என்றால் பெரிய பெயர்கள் நான்குதான்: சி.சி.ஐ., ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன். ஃபெடரலும் சி.சி.ஐ.யும் ஏற்கெனவே விஸ்டா அவுட்டோர் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. 1816இல் தொடங்கிய ரெமிங்டன் 2020 ஜூலையில் திவால் மனு கொடுத்தது. ஆர்கன்சாஸ் மாநிலம் லோனோக்கில் இருந்த அதன் தோட்டா ஆலையையும் விஸ்டாவே 8.14 கோடி டாலருக்கு வாங்கியது. 2024இல் அந்த மூன்று பெயர்களும் மொத்தமாக ஒரு செக் நாட்டுக் குழுமத்துக்குக் கைமாறின; வின்செஸ்டர் மட்டும் வேறொரு முதலாளியிடம்!

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. பிரைமர் செய்கிற இவர்களேதான் முழுத் தோட்டாவும் செய்து விற்கிறார்கள். கிராக்கி ஏறினால் பிரைமர் முதலில் அவர்களுடைய தோட்டாவுக்குள் போகும். மிச்சம் இருந்தால்தான் ரீலோடிங் செய்கிறவருக்கு. பந்தி முடிந்த பிறகு பாயசம் கேட்கிற கதைதான்.

11 ஏக்கரில் ஒரே கூரைச் சந்தை, தெரியுமா?

ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் ஆண்டுக்கு இருமுறை கூடுகிறது வானன்மேக்கர் கன் ஷோ. சுமார் 11 ஏக்கர், 4,200 மேசைகள்! ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாலே கால் கெஞ்சும்.

எந்த ஊர் கன் ஷோவிலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். வாசலில் ஒருவர் உட்கார்ந்து, கொண்டுவரும் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்த்து, அசையாதபடி பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டிவிடுவார். உள்ளே பழைய வாள், பட்டாளத்துக் கோட்டு, தவறாமல் மாட்டிறைச்சி வற்றலான ஜெர்கி விற்கும் ஒரு கடை. ஏதோ ஒரு மூலையில் அந்த மேசை. பிளாஸ்டிக் தட்டுகளில் குழிக்கு ஒன்றாக, ஒன்றையொன்று தொடாமல் உட்கார்ந்திருக்கின்றன பிரைமர்கள். ஒரு தட்டில் 100. பத்துத் தட்டு சேர்ந்தது ஒரு பெட்டி. பேச்சுவழக்கில் அதற்குச் செங்கல் என்று பெயர்! மேலே அட்டையில் கையெழுத்து: ஆளுக்கு ஒரு பெட்டி, ரொக்கம் மட்டும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. ரைஃபிளுக்குப் பெரியது, சிறியது, பிஸ்டலுக்குப் பெரியது, சிறியது, ஷாட்கன்னுக்குத் தனி. மாற்றி வாங்கினால் வரிசையில் நின்றது வீண்.

30 டாலர் சரக்கு 100 டாலரைத் தாண்டியது, தெரியுமா?

பஞ்சத்துக்கு முன் ஆயிரம் பிரைமர் 30, 35 டாலருக்குக் கிடைத்தது. 2020, 2021இல் சந்தை மேசைகளில் அதுவே 100 டாலரைத் தாண்டியது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வாங்கினார்கள்! அதிலும் ஒரு கணக்கு உண்டு. பார்சலில் வரவழைத்தால் அபாயச் சரக்கு என்று தனிக் கட்டணம் விழும். ஒரு பெட்டி வாங்கினாலும் பத்துப் பெட்டி வாங்கினாலும் அது தலைக்கு மேல் நிற்கும். நேரில் வாங்கினால் அந்தச் செலவு மிச்சம். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இரண்டு வேளை போவார்கள். சனிக்கிழமை முதல் ஆளாக, அரிய சரக்கைப் பிடிக்க. ஞாயிறு மாலை கடைசி ஆளாக, மூட்டை கட்டிச் சுமக்க மனமில்லாத வியாபாரியிடம் பேரம் பேச!

தோட்டா மருந்தைத் தானிய மணியால் நிறுக்கிறார்கள், தெரியுமா?

நம் பொற்கொல்லர்கள் குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்தார்கள். ரீலோடிங் மேசையில் இன்றும் எடைக்கல் கிரெய்ன், அதாவது தானிய மணி! ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். 9 மி.மீ. பிஸ்டல் தோட்டாவுக்குச் சுமார் 5 கிரெய்ன் போதும் என்பதால் ஒரு பவுண்டு மருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாவுக்கு வரும். 308 ரைஃபிளோ நாற்பதுக்கு மேல் விழுங்கும். 150 தோட்டாவைத் தாண்டியதும் டப்பா காலி. மருந்துப் பஞ்சத்தில் முதலில் கண்ணீர் விட்டவர்கள் ரைஃபிள்காரர்கள்தான்.

டெக்சாஸ்காரர் தேடும் மருந்து ஆஸ்திரேலியாவில் பிறக்கிறது, தெரியுமா?

வார்கெட், ஹெச் 4350 என்ற பெயர்களைக் கேட்டாலே ரைஃபிள்காரர் முகம் மலரும். விற்பது கன்சாஸ் மாநிலத்து ஹாட்ஜன் நிறுவனம். தயாராவது ஆஸ்திரேலியாவின் முல்வாலா ஊர் ஆலையில்! புகையில்லா மருந்தின் உயிர்ப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ். அதன் மூலப்பொருள்களில் முக்கியமானது பருத்திக் கொட்டையை ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சு! உக்ரைன் போர் பீரங்கிக் குண்டுகளைக் கேட்க ஆரம்பித்ததும், பஞ்சுக்கும் மருந்துக்கும் உலகெங்கும் இழுபறி. 2024இல் மருந்து நிறுவனங்கள் விலையை ஏற்றின. எங்கோ பீரங்கி முழங்க, ஓக்லஹோமா மேசையில் டப்பா குறைந்தது.

ரயில் பெட்டியில் தொடங்கியது மருந்துக் கடை, தெரியுமா?

அந்த ஹாட்ஜன் கதையே ஒரு சினிமா. இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவத்திடம் 4895 என்ற மருந்து மலையாக மிஞ்சியது. புரூஸ் ஹாட்ஜன் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கி 50,000 பவுண்டை அள்ளிக்கொண்டார். குத்தகைப் புல்வெளியில் ஒரு பழைய ரயில் பெட்டியை நிறுத்தி அதில் அடுக்கினார். ஒரு அங்குல விளம்பரம் கொடுத்தார்: 150 பவுண்டு 30 டாலர்! பவுண்டு 20 சென்ட்! பள்ளிக்கூடம் போகிற வழியில் அவருடைய பிள்ளைகள் காரின் டிக்கியில் பார்சலை ஏற்றிப்போய் ரயில் நிலையத்தில் கொடுத்தார்கள்.

இதற்குச் சற்று முன்பு, 1943இல், கலிபோர்னியாவின் ஓரோவில்லில் அப்பாவின் சலவைக் கடைப் பின்கட்டில் பிரெட் ஹண்டிங்டன் கருவி செய்ய உட்கார்ந்தார். இன்று பலர் மேசையிலும் இருக்கும் பச்சை நிற ஆர்.சி.பி.எஸ். ரீலோடிங் இயந்திரங்களின் கதை அங்கே தொடங்கியதுதான்.

இங்கிலாந்துக்காரர் பொட்டு அமெரிக்காவில், அமெரிக்கர் பொட்டு ஐரோப்பாவில், தெரியுமா?

1860களில் எட்வர்ட் பாக்ஸர் என்ற பிரிட்டிஷ் அதிகாரியும் ஹைரம் பெர்டன் என்ற அமெரிக்கரும் ஆளுக்கொரு பிரைமர் முறை கண்டுபிடித்தார்கள். கடைசியில் அமெரிக்கா பாக்ஸரைப் பிடித்துக்கொண்டது. ஐரோப்பிய ராணுவங்கள் பலவும் பெர்டனைப் பிடித்துக்கொண்டன! பாக்ஸர் கூட்டின் அடியில் நட்டநடுவே ஒரே துளை; ஒரு ஊசியால் குத்தினால் பழைய பிரைமர் விழுந்துவிடும். பெர்டன் கூட்டில் நடுவை விட்டு விலகி இரண்டு துளைகள், ஊசி நுழையாது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கூட்டைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கிறவர் எண்ணுவது இந்தத் துளையைத்தான்.

இந்தியக் குதிரை லாயத்துக்கும் தோட்டாக் கூட்டுக்கும் தொடர்பு, தெரியுமா?

இதுதான் எல்லாவற்றிலும் விசித்திரம்! பிரிட்டிஷ் இந்தியப் படை மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்தது. திறந்து பார்த்தால் பித்தளைக் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டிருந்தன! காரணம் 1921இல்தான் தெளிவானது: குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா. கூட்டுக்குள் தங்கியிருந்த இறுக்கமும் அம்மோனியாவும் சேர்ந்து பித்தளையைப் பிளந்துவிட்டன. அம்மோனியா கலந்த பாலிஷைத் தோட்டாக் கூட்டின் மேல் போடாதே என்று இன்றும் அமெரிக்காவில் சொல்கிறார்கள். அந்தப் பாடம் நம்மூர் மழையில் கற்றது.

மருந்தை மோந்து பார்த்தே சொல்லலாம், தெரியுமா?

நல்ல மருந்தில் ஈதர் போன்ற மெல்லிய நெடி வரும். கெட்டுப்போனதில் மூக்கைச் சுடும் அமில நெடி. துருப்போலச் செம்பழுப்புத் தூசும் பறக்கும். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதிப்படி வீட்டில் 20 பவுண்டு மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே வைக்கலாம்; அதற்கு மேல் போனால் தடித்த மரப்பெட்டி வேண்டும். பிரைமர் 10,000 வரை.

சொந்த டப்பா என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். 1898இல் விற்பனைக்கு வந்த புல்ஸ்ஐ போன்ற மின்னல் வேகப் பிஸ்டல் மருந்தும், மெதுவாக எரியும் ரைஃபிள் மருந்தும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறப் பொடி. ஒன்றை மற்றதென நினைத்து நிரப்பினால் துப்பாக்கியே வெடிக்கும். பஞ்ச காலத்தில் பெயரில்லாத பாட்டில்களும், சீல் உடைந்த டப்பாக்களும் மேசைக்கு வரும். விலையும் மலிவாக இருக்கும். பிரைமர் கிடைக்காவிட்டால் அந்த வாரம் சுட முடியாது, அவ்வளவுதான். பெயர் தெரியாத மருந்தை நம்பினால் அடுத்த வாரம் சுட விரல் இருக்காது. அந்த மேசையைத் தாண்டிப் போய்விடுங்கள். வெறுங்கையோடு திரும்ப மனமில்லை என்றால், ஜெர்கி கடை இருக்கவே இருக்கிறது!