எக்ஸ் லிமிடெட்

எம்.காம். படிக்கும்போது நான் அலசிய முதல் கம்பெனியின் பெயர் எக்ஸ் லிமிடெட். அது எந்த ஊரில் இருந்தது, சிமென்ட் தயாரித்ததா சேலை நெய்ததா, எதுவும் தெரியாது. கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை. 1991ஆம் வருடம். கையில் ஒரு கால்குலேட்டர், கோடு போட்ட தாள், எஸ்.என். மகேஸ்வரியின் தடித்த புத்தகம்.

கணக்குகள் இப்படி வரும்: கரன்ட் ரேஷியோ 2.5, லிக்விட் ரேஷியோ 1.5, நடைமுறை மூலதனம் ரூ.60,000. சரக்கிருப்பு எவ்வளவு? நடப்புப் பொறுப்பு 40,000, நடப்புச் சொத்து ஒரு லட்சம், ஆகவே சரக்கிருப்பு 40,000. இதே வழியில் ஏழெட்டு விகிதங்களை மட்டும் கொடுத்து முழு பேலன்ஸ் ஷீட்டையும் தயாரிக்கச் சொல்வார்கள். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. கம்பெனி நடந்து, கணக்கு எழுதி, அதிலிருந்து விகிதம் பிறப்பதுதான் உலக வழக்கம். எங்கள் வகுப்பில் விகிதத்தின் வயிற்றில் கம்பெனி பிறந்தது.

ஃபண்ட்ஸ் ஃப்ளோ என்ற நிதி ஓட்ட அறிக்கை இன்னும் ரசமானது. வரி ஒதுக்கீட்டை நடப்புப் பொறுப்பாக எடுப்பதா, லாபத்திலிருந்து ஒதுக்கியதாக எடுப்பதா என்பதில் தெருச்சண்டை அளவுக்கு வாதம் நடக்கும். எப்படி எடுத்தாலும், “இவ்வாறு கருதப்பட்டது” என்று கீழே ஒரு வரி எழுதிவிட்டால் மார்க் உண்டு. இரண்டு பக்கமும் டேலி ஆனால் அன்று ராத்திரி நல்ல தூக்கம். டேலி ஆகவில்லையென்றால் வித்தியாசத்தை இரண்டால் வகுத்து, அந்தத் தொகை எங்காவது பக்கம் மாறி உட்கார்ந்திருக்கிறதா என்று தேடுவோம்.

நிஜக் கம்பெனியின் ஆண்டறிக்கை எங்கள் கைக்கு வராமல் இல்லை. மாமா ஒருவர் சில பங்குகள் வைத்திருந்தார். வருடத்துக்கு ஒருமுறை தபாலில் வழவழப்பான புத்தகம் வரும். அந்தத் தாளில் நான் நோட்டுகளுக்கு அட்டை போட்டேன். உள்ளே இருந்த அட்டவணைகளைப் படித்ததாக நினைவில்லை.

பிறகு நானே இந்தப் பாடத்தை நடத்தத் தொடங்கினேன். அதே கணக்குகள், அதே விடைகள். 2009 ஜனவரி 7 வரை அதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. அன்றுதான் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு மோசடியை ஒப்புக்கொண்ட கடிதம் வெளியானது. புத்தகத்தில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பு ரூ.5,361 கோடி, அதில் ரூ.5,040 கோடி இல்லவே இல்லை. செப்டம்பர் காலாண்டுக்குக் காட்டிய வருமானம் 2,700 கோடி, செயல்பாட்டு லாபம் 24 சதவீதம். உண்மையில் 2,112 கோடி, 3 சதவீதம்.

அடுத்த வாரம் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார்: “சார், பரீட்சையில இந்த 24 சதவீதத்தைச் சரியாப் போட்டா முழு மார்க்தானே?” ஆமாம், முழு மார்க்தான். சூத்திரம் சரி, கூட்டல் சரி, எண் பொய். அதைக் கண்டுபிடிக்க என் பாடத்தில் இடமே இல்லை.

அதற்குப் பின் மாற்றங்கள் வரிசை கட்டி வந்தன. 2011-12லிருந்து பேலன்ஸ் ஷீட்டை இடது வலதாகப் போடும் வழக்கம் கம்பெனிகளுக்கு முடிந்தது. மேலிருந்து கீழ் வடிவம் மட்டும்தான். 2016 முதல் பெரிய கம்பெனிகள் இண்ட்-ஏஎஸ் என்ற இந்தியக் கணக்கியல் தரநிலைகளுக்கு மாறின. கடந்த சில ஆண்டுகளில் விகிதம் போடும் வேலையே மாணவர் கையைவிட்டுப் போய்விட்டது. கம்பெனிச் சட்டத்தின், 2021 மார்ச்சில் திருத்திய மூன்றாம் அட்டவணைப்படி பதினோரு விகிதங்களைக் கம்பெனியே அச்சிட வேண்டும். எந்த விகிதமாவது முந்தைய ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணமும் சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு பருவம் முழுக்கப் போட்டுப் பழகியது இன்று குறிப்புகளின் கடைசிப் பக்கங்களில் தயாராகக் கிடக்கிறது. அதையும் தேட வேண்டாமென்று இணையதளங்கள் பத்து வருட எண்களைப் பரப்பி வைக்கின்றன.

வசதிதான். ஆனால் ஒரே கம்பெனியின் மூலதன ஈட்டு விகிதத்தை இரண்டு மாணவிகள் இரண்டு தளங்களிலிருந்து எடுத்து வந்து, வெவ்வேறு எண்ணைக் காட்டி மோதிக்கொண்டார்கள். இரண்டுமே தப்பில்லை, வகுத்த எண் வேறு. அன்று இருவரையும் உட்கார வைத்து, ஆண்டறிக்கையைத் திறந்து கையால் போட வைத்தேன். பழைய கோடு போட்ட தாளுக்கு அன்று ஒரு மணி நேரம் உயிர் வந்தது.

இன்னொரு மாணவன் ஒரு சில்லறைக் கடைச் சங்கிலியை எடுத்திருந்தான். “2019-20ல கடன் எகிறிடுச்சு சார், ஆனா பேங்க் லோன் ஏறவே இல்ல.” நல்ல கண். 2019 ஏப்ரல் முதல் இண்ட்-ஏஎஸ் 116 வந்தது. நீண்ட காலக் கடை வாடகை ஒப்பந்தங்களை இனிப் பொறுப்பாக பேலன்ஸ் ஷீட்டில் காட்ட வேண்டும். வாடகைச் செலவு மறைந்து, தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்து போகும். அதனால் வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் உப்பித் தெரியும். கட்டட உரிமையாளருக்குப் போகும் காசில் ஒரு பைசா மாற்றமில்லை. பத்து வருட வரைபடத்தை மட்டும் பார்ப்பவனுக்கு அந்த வருடம் கம்பெனி கடனில் மூழ்கியதாகவே தோன்றும். கதை குறிப்பில் இருக்கிறது, குறிப்பு நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குள் இருக்கிறது.

பல்கலைக்கழகத் தேர்வில் எக்ஸ் லிமிடெட் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. நானும் நடத்துகிறேன். மார்க் வேண்டுமே! கூடவே நிஜ ஆண்டறிக்கைகளின் குறிப்புகளையும் படிக்க வைக்கிறேன்.

பழைய கம்பெனிச் சட்டத்தின் ஆறாம் அட்டவணையில் வர வேண்டிய பாக்கி இரண்டே வகை: ஆறு மாதத்துக்கு மேற்பட்டது, மற்றவை. இப்போது மூன்று வருடத்துக்கு மேற்பட்டது வரை தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். போன வருடம் ஒரு மாணவி இந்த அட்டவணையில் ஒரு கம்பெனியின் மூன்று வருடப் பாக்கி மட்டும் கூடிக்கொண்டே போவதையும், வாராக்கடன் ஒதுக்கீடு அசையாமல் நிற்பதையும் கண்டாள். விற்பனை நன்றாக ஏறியதால் விகிதத்தில் அது தெரியவே இல்லை. அவள் அந்தக் கம்பெனியின் ஒரே ஒரு பங்கை வாங்கினாள். காணொளியில் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசப் பதிவு செய்தாள். முறை வந்தபோது, பெயரைச் சொல்லிவிட்டு நேராகக் கேட்டாள்:

“குறிப்புல இருக்கிற அந்தப் பழைய பாக்கி யார்கிட்ட இருந்து வரணும், சார்?”